ஆண்டுக்கு ஆறு நாள் நீங்களே ராஜா!

கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் குடும்பங்களில் காலண்டருக்குத் தனி மரியாதை உண்டு.

ஆடி மாதம் பிறந்தால் பெரியபாளையம். பவானி அம்மனுக்குப் பொங்கல் வைக்க வேண்டும். வேப்பிலை ஆடை கட்டிக் கோவிலை வலம் வர வேண்டும். செவ்வாய்க்கிழமை என்றால் சிறுவாபுரி. ஆறு செவ்வாய் தொடர்ந்து முருகனைக் கும்பிட்டால் சொந்த வீடு அமையும் என்பது நம்பிக்கை. மார்கழி, தை மாதங்களில் பழவேற்காடு. ஏரிக்கு வந்து இறங்கும் பூநாரைகளைக் குழந்தைகளுக்குக் காட்ட வேண்டும்.

இந்த நாட்களை யாரும் மறப்பதில்லை. பாட்டி நினைவு வைத்திருப்பாள். பாட்டி மறந்தால் பேத்தி சொல்லிவிடுவாள்.

ஆனால் இதே காலண்டரில் இன்னும் ஆறு நாட்கள் இருக்கின்றன. அந்த நாட்களில் ஊர் முழுவதும் ஒரே இடத்தில் கூட வேண்டும். ஊரின் வரவு செலவைக் கேட்க வேண்டும். ஊருக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும்.

அதற்குப் பெயர் கிராமசபை.

அந்த நாட்களில் எத்தனை பேர் வீட்டை விட்டுக் கிளம்புகிறோம்? அதுதான் கேள்வி!

அந்த ஆறு நாட்கள்

பேனாவை எடுங்கள். இந்தத் தேதிகளைக் காலண்டரில் வட்டம் போடுங்கள்.

ஜனவரி 26, குடியரசு தினம்.

மார்ச் 22, உலக தண்ணீர் தினம்.

மே 1, தொழிலாளர் தினம்.

ஆகஸ்டு 15, சுதந்திர தினம்.

அக்டோபர் 2, காந்தி பிறந்த நாள்.

நவம்பர் 1, உள்ளாட்சி தினம்.

முன்பு ஆண்டுக்கு நான்கு கூட்டங்கள்தான் நடந்தன. மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய இரண்டும் 2022-ம் ஆண்டு அரசு அறிவிப்பின்படி சேர்ந்தவை.

சில சமயம் தேதி தள்ளிப் போவதும் உண்டு. 2024-ல் நவம்பர் 1-ந் தேதி கூட்டம் நவம்பர் 23-ந் தேதி நடந்தது. 2025-ல் அக்டோபர் 2-ந் தேதி கூட்டம் 11-ந் தேதிக்கு மாறியது. ஆகவே வட்டம் போட்டால் மட்டும் போதாது. கூட்டத்துக்கு 7 நாள் முன்னதாக ஊரில் அறிவிப்பு செய்ய வேண்டும் என்பது விதி. பஞ்சாயத்து அலுவலக அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். எழுதப்படவில்லையா? "ஏன் எழுதவில்லை?" என்று கேளுங்கள். அதுவே உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

யார் போகலாம்?

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராமசபையின் உறுப்பினர். அதாவது 18 வயது நிரம்பி, பட்டியலில் பெயர் இருந்தால் போதும். அழைப்பிதழ் தேவை இல்லை. கட்சிச் சீட்டு தேவை இல்லை. சொத்து தேவை இல்லை. படிப்பும் தேவை இல்லை.

திருவள்ளூர் மாவட்டத்தில் 526 ஊராட்சிகள் இருக்கின்றன. கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தில் மட்டும் 61. ஒவ்வொன்றுக்கும் ஒரு கிராமசபை உண்டு.

கும்மிடிப்பூண்டி நகரம் பேரூராட்சி ஆகும். ஆகவே அங்கே கிராமசபை கிடையாது. நகரத்து மக்களுக்காக வார்டு கமிட்டி, பகுதி சபை என்ற ஏற்பாட்டை அரசு 2022-ல் கொண்டு வந்தது. அங்கே குடியிருப்பவர்கள் தங்கள் வார்டு கவுன்சிலரிடம் "பகுதி சபை எப்போது?" என்று கேட்கலாம்.

வேலைக்குப் போகிறவர்கள் என்ன செய்வது? சிப்காட் ஆலைகளுக்கு ஷிப்டு போகும் குடும்பங்கள் இங்கே ஏராளம். அவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய 4 நாட்களும் தமிழ்நாட்டுத் தொழில் நிறுவனங்களில் சட்டப்படி சம்பளத்துடன் கூடிய விடுமுறை நாட்கள். மற்ற இரண்டு நாட்களில் வீட்டில் இருக்கும் பெரியவர்களோ பெண்களோ போகலாம். வீட்டுக்கு ஒருவர் போனால்கூட ஊர் நிறைந்துவிடும்.

கூட்டம் சேராவிட்டால்?

கூட்டம் செல்லுபடியாக இத்தனை பேர் வர வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. 500 பேர் வரை உள்ள ஊராட்சி என்றால் 50 பேர் வர வேண்டும். 501 முதல் 3 ஆயிரம் வரை என்றால் 100 பேர். 3 ஆயிரத்துக்கு மேல் 10 ஆயிரம் வரை 200 பேர். அதற்கு மேல் 300 பேர்.

ஒரு திருவிழாக் கூட்டத்தோடு ஒப்பிட்டால் இது எம்மாத்திரம்? ஒரு கல்யாணப் பந்தியில் இதைவிட அதிகம் பேர் சாப்பிடுகிறார்கள்!

இருந்தும் பல ஊர்களில் ஆள் சேர்வதில்லை. அப்போது என்ன நடக்கிறது? நோட்டுப் புத்தகம் வீடு வீடாக வருகிறது, கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்ற புகார் பல காலமாக உண்டு.

அந்தக் கையெழுத்து சாதாரணமானது அல்ல. வராத கூட்டத்துக்கு வந்ததாகவும், கேட்காத கணக்கைக் கேட்டதாகவும், தெரியாத தீர்மானத்துக்குச் சம்மதித்ததாகவும் அது சாட்சி சொல்லும்.

புதிதாக எழுதப் படிக்கக் கற்ற தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பெயரை நீங்களே எழுத எத்தனை நாள் பாடுபட்டீர்கள்! அந்தப் பெயரைச் சும்மா கொடுத்துவிடாதீர்கள். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் போடாதீர்கள்.

ஆயிரம் ஆண்டுக்கு முன்

ஊர் கூடி ஊரை ஆளுவது நமக்குப் புதிது அல்ல.

நம் பக்கத்து மாவட்டமான காஞ்சீபுரத்தில் உத்திரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் அங்கே வெட்டிய கல்வெட்டுகளை இன்றும் பார்க்கலாம். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டார்கள். ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அதுதான் குடவோலை முறை.

முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது. அவனுடைய உறவினர்களும் வர முடியாது. கணக்கு விஷயத்தில் அவ்வளவு கண்டிப்பு!

ஆனால் அந்தச் சபையில் எல்லாருக்கும் இடம் இருந்ததா? இல்லை. சொந்த நிலமும் வீடும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களின் சபை அது. உழுதவனுக்கு இடம் இல்லை. பெண்ணுக்கு இடம் இல்லை.

அந்தக் கதவு இப்போது எல்லாருக்கும் திறந்திருக்கிறது. 1992-ல் நிறைவேறி 1993 ஏப்ரலில் அமலுக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம் கிராமசபைக்கு அரசியல் சட்டத்தில் இடம் தந்தது. அதையொட்டி 1994-ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. கிராமத் திட்டம், வரவு செலவுத் திட்டம், தணிக்கை அறிக்கை எல்லாம் கிராமசபையின் முன் வைக்கப்பட்டு ஒப்புதல் பெற வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது.

வெளிநாட்டில் இப்படி உண்டா என்று சிலர் கேட்கலாம். உண்டு. சுவிட்சர்லாந்தில் கிளாரஸ் என்று ஒரு மலைநாட்டு மாநிலம். அங்கே மே மாத முதல் ஞாயிற்றுக்கிழமை மக்கள் திறந்த வெளியில் கூடுகிறார்கள். கையைத் தூக்கிச் சட்டத்தையே முடிவு செய்கிறார்கள். ஓட்டுப் போடும் வயதை 16 ஆகக் குறைத்ததும் 2007-ல் அப்படிக் கூடிய ஒரு கூட்டம்தான்!

ஆத்துப்பாக்கத்தில் ஏறிய கொடி

கதவு திறந்திருந்தாலும் உள்ளே போகிறவரைத் தடுக்க ஆள் உண்டு. இதற்கு நம் கும்மிடிப்பூண்டி ஒன்றியத்திலேயே உதாரணம் இருக்கிறது.

ஆத்துப்பாக்கம் ஊராட்சியின் தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அமிர்தம். பட்டியல் வகுப்பைச் சேர்ந்த மூதாட்டி. 2020-ம் ஆண்டு சுதந்திர தினத்தன்று அவர் தேசியக் கொடி ஏற்ற முடியாமல் தடுக்கப்பட்டார். நாடு சுதந்திரம் பெற்று 73 ஆண்டு முடிந்த நாளில் இது நடந்தது!

செய்தி வெளியே வந்தது. நாடே பேசியது. ஐந்தாம் நாள், ஆகஸ்டு 20-ந் தேதி, மாவட்ட கலெக்டரும் போலீஸ் சூப்பிரண்டும் நேரில் வந்து நிற்க, அமிர்தம் தம் கையால் கொடி ஏற்றினார்.

தமிழ்நாட்டு உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் சட்டம் நாற்காலியைத்தான் கொடுக்கும். அந்த நாற்காலியில் உட்காருபவருக்குத் துணை நிற்க ஊர்மக்கள் வர வேண்டும். தலைவி பேசும்போது எதிரே நூறு பெண்கள் உட்கார்ந்திருந்தால், அவரை எழுந்து போகச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

அரிட்டாபட்டி காட்டிய வழி

"நாலு பேர் கூடித் தீர்மானம் போட்டால் என்ன ஆகப் போகிறது?" என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள்.

அவர்கள் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியைப் பார்க்கட்டும். குன்றுகளும் சுனைகளும் நிறைந்த ஊர். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று 2022-ல் அறிவிக்கப்பட்ட இடம். அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் உலோகச் சுரங்கம் தோண்ட 2024-ல் ஏலம் முடிந்தது.

2024 நவம்பர் 23-ந் தேதி கிராமசபை கூடியது. "சுரங்கம் வேண்டாம்" என்று தீர்மானம் நிறைவேறியது. அக்கம் பக்கத்து ஊர்களும் திரண்டன. டிசம்பர் 9-ந் தேதி தமிழ்நாடு சட்டசபையே சுரங்கத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23-ந் தேதி மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. சரியாக இரண்டே மாதம்!

தீர்மானம் மட்டுமே இதைச் சாதித்தது என்று சொல்ல முடியாது. ஊர்வலம் போனார்கள், மனுக் கொடுத்தார்கள், விடாமல் நின்றார்கள். ஆனால் ஊர் முழுவதும் ஒரே குரலில் சொன்னது எழுத்தில் இருந்தது. அதை யாரும் மறுக்க முடியவில்லை.

என்ன கேட்கலாம்?

பெரிய விஷயம்தான் பேச வேண்டும் என்பது இல்லை. தெரு விளக்கு, குடிநீர்க் குழாய், பள்ளிக்கூடக் கழிப்பறை, ரேஷன் கடை எல்லாம் கேட்கலாம். வீட்டு வசதித் திட்டப் பயனாளிப் பட்டியலில் யார் யார் பெயர் இருக்கிறது என்று வாசிக்கச் சொல்லலாம்.

நம் வட்டாரத்துக்கு என்று சில கேள்விகள் உண்டு. மார்ச் 22 தண்ணீர் நாள் அல்லவா? கிணற்றுத் தண்ணீரின் நிறமோ வாடையோ மாறியிருந்தால், அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அன்று தீர்மானம் கொண்டு வரலாம். மே 1 தொழிலாளர் நாள். இந்தியாவில் முதன்முதலாக 1923-ல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் கொண்டாடிய நாள். உள்ளூர் இளைஞர்களுக்கு ஆலைகளில் வேலை கிடைக்கிறதா என்று பேச அதைவிட நல்ல நாள் ஏது?

வெளி மாநிலங்களிலிருந்து வந்து நம் ஊர்களில் வாடகைக்கு இருக்கும் தொழிலாளர்கள் பலர். அவர்களுக்கு இங்கே ஓட்டு இல்லை. ஆகவே கிராமசபையில் உரிமையும் இல்லை. ஆனால் அவர்கள் குடிப்பதும் நம் தண்ணீர்தான். அவர்கள் தெருவில் தேங்கும் சாக்கடையில் பிறக்கும் கொசு நம் வீட்டுக்கும் வரும். அவர்களுக்காகவும் நாம்தான் பேச வேண்டும்.

போவதற்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். கேட்க வேண்டியதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தெருவில் நாலு வீட்டைச் சேர்த்துக்கொண்டு போங்கள். சொன்னது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று படித்துப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். அடுத்த கூட்டத்தில், "போன தடவை போட்ட தீர்மானம் என்ன ஆயிற்று?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்குத்தான் எல்லா அதிகாரிகளும் பயப்படுவார்கள்.

சத்தம் வேண்டாம், சண்டை வேண்டாம், எதிர்வீட்டுக்காரர் மீதுள்ள பழைய கோபத்தை அங்கே கொண்டு போக வேண்டாம்.

தலைவர் இல்லாவிட்டாலும்

திருவள்ளூர் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ந் தேதியோடு முடிந்தது. தனி அதிகாரிகள் பொறுப்புக்கு வந்தார்கள். கிராமசபைக்கு அப்படிப் பதவிக்காலம் கிடையாது. தலைவர் மாறலாம், அதிகாரி மாறலாம். ஊர் மாறாது.

சிறுவாபுரிக்கு ஆறு வாரம் போகிறோம், நம் வீட்டுக்காக. ஊர் என்பதும் நம் வீடுதான். அதற்காக ஆண்டுக்கு ஆறே நாள் போகக் கூடாதா?

வீட்டில் படிக்கத் தெரிந்தவர்கள் இதைப் படிக்காதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். அடுத்த கூட்டத்தின் தேதியைத் தேடிப் பிடியுங்கள். அன்று யார் போவது என்று இன்று இரவு சாப்பாட்டு வேளையிலேயே முடிவு செய்துவிடுங்கள்.