அரிசிப் பையும் கட்டப்பட்ட கையும்

போடிநாயக்கனூருக்கு மேற்கே ஏலமலை நிமிர்ந்து நிற்கிறது. கிழக்கு வெளுக்கும் முன்பே முந்தல் வழியாக ஜீப்புகள் மலை ஏறுகின்றன. பொழுது சாய்ந்ததும் இறங்குகின்றன. நெருக்கியடித்துக்கொண்டு அதில் உட்கார்ந்து போகிறவர்கள் நம் ஜனங்கள், பெரும்பாலும் பெண்கள். களை எடுக்க, கவாத்து செய்ய, காய் பறிக்கப் போகிறவர்கள். தோட்டம் கேரளத்தில், வீடும் ரேஷன் கார்டும் தமிழ்நாட்டில். காலையில் ஒரு ராஜ்யம், இரவில் ஒரு ராஜ்யம். இதுதான் அவர்கள் பிழைப்பு.

2020 மார்ச் மாதம் அந்தப் பிழைப்பு ஒரே இரவில் நின்றது. 24ஆம் தேதி இரவு எட்டு மணிக்குப் பிரதம மந்திரி பேசினார்; நள்ளிரவில் நாடு முழுவதும் ஊரடங்கு. இடையில் இருந்தது நான்கு மணி நேரம். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மலைப்பாதைகள் எல்லாம் அடைபட்டன. மேலே தோட்டத்தில் தங்கியிருந்தவன் கீழே வர வழியில்லை. கீழே இருந்தவன் மேலே போக வழியில்லை. அந்த மார்ச் கடைசி வாரத்தில் கேரளத்து ஏலத்தோட்டத்திலிருந்து காட்டு வழியாக நடந்தே வீடு திரும்பிய ராசிங்காபுரத்துத் தொழிலாளிகள் காட்டுத் தீயில் சிக்கினார்கள். ஒரு சிறு குழந்தை உட்பட நான்கு பேர் மாண்டார்கள். கொரோனா அவர்களைத் தொடவில்லை. அடைபட்ட பாதை அவர்களைக் கொன்றது.

அடுத்து வந்தது பசி. தமிழ்நாடு சர்க்கார் அரிசிக் கார்டுக்கு ஆயிரம் ரூபாயும் இலவச அரிசியும் கொடுத்தது வாஸ்தவம். மத்திய சர்க்கார் தலைக்கு ஐந்து கிலோ தானியம் என்று அறிவித்ததும் வாஸ்தவம். ஆனால் மலை மேல் மாட்டிக்கொண்டவனின் கார்டு மலைக்குக் கீழே இருந்தது! கார்டே இல்லாத கிழவிக்கும், வாடகைக் குடிசையில் இருந்தவனுக்கும், தோட்டத்திலிருந்து கொண்டுவரும் வாரக் கூலியை நம்பிக் கடன் வாங்கியவனுக்கும் எந்தக் கணக்கிலும் இடமில்லை. கூலி போய்விட்டது. கூலிக்குப் பதில் எதுவும் வரவில்லை.

அப்போது கதவைத் தட்டியவர்களில் ஊர்ச் சங்கங்களும் இருந்தன. மகளிர் குழு, எச்.ஐ.வி. நோயாளிகளுக்காக வேலை செய்யும் சங்கம், பழங்குடிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் அமைப்பு. இவர்களுக்குப் பின்னால் கடல் கடந்த சிறு அறநிறுவனங்களின் பணமும் ஓரளவு இருந்தது. தேனி மாவட்டத்தில் இது புதிதல்ல. ஆண்டிபட்டியில் ஆரோக்ய அகம் தொழுநோய், காசநோய், எச்.ஐ.வி. என்று ஊரார் ஒதுக்கிய நோயாளிகளோடு பல ஆண்டுகள் வேலை செய்தது. இங்கிலாந்தின் வில்லேஜ் சர்வீஸ் டிரஸ்ட் போன்ற சின்னஞ்சிறு அமைப்புகள் இந்த மாவட்டத்துச் சங்கங்களுக்கு நெடுங்காலம் துணை நின்றிருக்கின்றன. அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு, முகக்கவசம் – கொடுத்தது பெரிய தொகையல்ல. ஆனால் எந்தத் தெருவில், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று இத்தகைய சங்கங்களுக்குத் தெரிந்திருந்தது. சர்க்கார் பதிவேட்டில் அது எழுதப்பட்டிருக்கவில்லை.

இந்த இடத்தில் நம் தோழர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். "வெளிநாட்டுப் பணமா? அதற்கு நாம் வக்காலத்து வாங்குவதா?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். வெளிநாட்டுப் பணத்தின் மேல் நமக்குச் சந்தேகம் உண்டு; அதை நாம் கைவிடவில்லை. சங்கம் வைத்துக் கூலி கேட்க வேண்டிய தொழிலாளியை, கைநீட்டிப் பை வாங்குகிறவனாக்கிவிடும் தர்மம் நமக்கு உடன்பாடல்ல. உரிமை கேட்கும் வாயை அரிசியால் அடைக்க யாரையும் விடக்கூடாது.

ஆனால் சந்தேகப்படுகிற நாம், யார் மேல் சந்தேகப்படுவது என்பதில் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். மத்திய ஆட்சி செய்ததைப் பாருங்கள்.

2020 ஏப்ரலில் நிதி ஆயோக்கின் தலைமை அதிகாரி, 92,000க்கும் மேற்பட்ட தொண்டு நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதினார். தொற்று நோயை எதிர்க்க அரசுக்குக் கை கொடுங்கள் என்று கேட்டார். அவர்களும் கொடுத்தார்கள். ஐந்து மாதம் கழித்து, செப்டம்பரில், அதே ஆட்சி வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குத் திருத்த மசோதா கொண்டுவந்தது. 20ஆம் தேதி லோக்சபாவில் வைத்தார்கள். 23ஆம் தேதிக்குள் இரு சபைகளிலும் நிறைவேற்றி முடித்தார்கள். மாதம் முடிவதற்குள் சட்டமாகிவிட்டது. கை கொடுத்தவன் கையைக் கட்டுவதற்கு இவ்வளவு அவசரம்!

கட்டு எப்படிப்பட்டது? லண்டனில் இருக்கும் ஒரு சிறு அமைப்பால் போடி மலையடிவாரத்தின் ஒவ்வொரு கிராமத்துக்கும் தனித்தனியே பணம் அனுப்பிக் கணக்குப் பார்க்க முடியாது. ஆகவே மாவட்டத்தில் ஒரு பெரிய சங்கத்துக்கு அனுப்பும். அந்தச் சங்கம், சட்டப்படி பதிவு பெற்ற சிறிய சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். சிறிய சங்கம் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். வாய்க்காலிலிருந்து வரப்பு மடைக்குத் தண்ணீர் போவது போன்ற ஏற்பாடு இது. புதிய சட்டம் மடையை அடைத்தது. வாங்குகிற சங்கம் பதிவு பெற்றதாகவே இருந்தாலும், ஒன்று இன்னொன்றுக்குப் பணம் மாற்றக் கூடாது என்று தடுத்துவிட்டது.

நிர்வாகச் செலவு பாதி வரை போகலாம் என்றிருந்ததை நூற்றுக்கு இருபதாகக் குறைத்தது. பெரிய நிறுவனம் இதைச் சமாளித்துக்கொள்ளும். சிறிய சங்கத்துக்கும் கணக்கர் ஒருவர் வேண்டும், வாடகை கொடுக்க வேண்டும். வரவு சுருங்கினால் அந்தச் செலவு சுருங்காதே! மூன்றாவதாக, வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு காசும் முதலில் புதுடில்லியில் ஸ்டேட் பாங்கின் ஒரே ஒரு கிளையில்தான் வந்து இறங்க வேண்டும் என்றது. போடியில் உள்ள சங்கமானாலும் டில்லியில் கணக்கு வேண்டும். 2021 மார்ச் 31 கடைசி நாள் என்றார்கள். ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாவது அலை வந்து, பிராணவாயுவுக்கு ஜனங்கள் தவித்த நேரத்தில் பல சங்கங்கள் பாங்குக் காகிதத்துக்காகக் காத்துக் கிடந்தன. மே மாதம் நடுவில்தான் கெடுவை ஜூன் 30 வரை நீட்டினார்கள்.

இதெல்லாம் தேசப் பாதுகாப்புக்காக என்று சொல்லப்பட்டது. 2022 ஏப்ரல் 8ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டும் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. சட்டப்படி செல்லும். நியாயப்படி செல்லுமா?

பிரதமர் பெயரால் 2020 மார்ச்சில் தொடங்கிய பி.எம். கேர்ஸ் நிதியும் வெளிநாட்டுப் பணம் வாங்கியது. அதற்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு! தகவல் கேட்டால், அது பொது அதிகார அமைப்பு அல்ல என்று பதில். இன்னும் ஒன்று: கட்சிகள் வெளிநாட்டுக் கம்பெனியிடம் பணம் வாங்கியது குற்றம் என்று 2014இல் டில்லி ஹைகோர்ட் சொன்னது. பாரதீய ஜனதாவும் காங்கிரசும் அதில் சிக்கின. உடனே என்ன செய்தார்கள்? 2016இலும் 2018இலும் நிதி மசோதாவுக்குள் ஒளித்து வைத்து, இதே சட்டத்தைப் பின்தேதியிட்டுத் திருத்தினார்கள். குற்றமே இல்லாமல் போயிற்று. கட்சி கஜானாவுக்கு வந்தால் வெளிநாட்டுப் பணம் புனிதமாகிவிடுகிறது. ராசிங்காபுரத்துக் குடிசைக்கு அரிசியாக வந்தால் ஆபத்தாகிவிடுகிறது!

பட்டினிக் காலத்தில் தர்மத்தைக் கண்டு ஆள்வோர் எரிச்சல் கொள்வது பழைய கதை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை ராஜதானி செத்துக்கொண்டிருந்தபோது, கவர்னர் பக்கிங்ஹாம் இங்கிலாந்து ஜனங்களிடம் உதவி கேட்டார். லண்டனில் நிதி திரண்டது. வைஸ்ராய் லிட்டனுக்கு அது பிடிக்கவில்லை. ஏன்? தர்மம் வந்தால், அரசின் நிவாரணம் போதாது என்பது உலகுக்குத் தெரிந்துவிடும். நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று சொன்ன ஆட்சி அது. அன்றைய எரிச்சலின் காரணம்தான் இன்றைய எரிச்சலுக்கும் காரணம்.

ஆகவே, தர்மத்தைத் தடுப்பவனையும் எதிர்ப்போம். தர்மம் தேவைப்பட வைத்தவனையும் கேட்போம். 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை போயிற்று. நாடே பேசிய விலை! எட்டு மாதம் கழியுமுன், அந்தக் காயைப் பறித்த கை அரிசிப் பைக்காக நீண்டது. 2020 மே இறுதியில் ஏலம் மறுபடி தொடங்கியது. சரக்குக்கு வழி திறந்தது. தொழிலாளிக்கோ, பாஸ் கேட்டு இணையத்தில் பதிவு செய்யச் சொன்னார்கள். ஜீப்பில் தொங்கிப் போகிறவளுக்கு ஏது இணையம்?

மூலகாரணம் என்ன? அவள் பெயர் எங்கும் இல்லை. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இலேயே வந்தது. பின்னால் திருத்தப்பட்ட பிறகும், ஐந்து ஹெக்டேரும் பதினைந்து ஆட்களும் இருந்தால்தான் அது தோட்டம் என்றது. சிறு தோட்டத்துத் தினக்கூலி அதன் கண்ணில் படவே இல்லை. கேரளத்துக்கு அவள் வெளியூர்க்காரி. தமிழ்நாட்டுக்கு அவள் வேறு ராஜ்யத்தில் வேலை செய்கிறவள். 1956இல் மலை முகட்டில் கோடு கிழித்தார்கள். கோட்டைத் தாண்டிப் போகிறவளுக்குக் கணக்கு எழுத இரண்டு பக்கமும் ஆளில்லை.

அந்தக் கணக்கை நாம் எழுதத் தொடங்கலாம். முந்தலிலும் கம்பம்மெட்டிலும் காலையில் மலை ஏறுகிற ஒவ்வொருவர் பெயரும், ஊரும், தோட்டமும் நம் சங்கப் புத்தகத்தில் ஏற வேண்டும். அந்தப் பதிவேட்டை இரு சர்க்கார்களும் ஏற்று, பாதை அடைபடும் நாளுக்கு ஊதியத்துக்கு ஈடும், எந்தப் பக்கம் இருந்தாலும் ரேஷனும் தர வேண்டும் என்று இரண்டு சட்டசபைகளிலும் குரல் எழ வேண்டும். பதிவு பெற்ற சிறு சங்கங்களுக்குள் பணம் பகிரும் உரிமையைத் திருப்பித் தர வேண்டும் என்று பார்லிமெண்டில் நம் உறுப்பினர்கள் கேட்க வேண்டும்.

இன்னொரு தொற்று வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வந்தால், கடல் கடந்து யாரோ ஒருவர் அனுப்பும் அரிசியை நன்றியோடு வாங்கிக்கொள்வோம். ஆனால் அதை நம்பி அடுப்பு மூட்ட வேண்டிய நிலையில் நம் தொழிலாளியை மறுபடி நிறுத்தக் கூடாது. நாளை காலை முதல் ஜீப் கிளம்புமுன் புத்தகத்தோடு முந்தலில் நில்லுங்கள், தோழர்களே!