துபாயில் மெத்தை வாங்குவது வீண் செலவா?

ஒகேனக்கல் போனீங்கன்னா கவனிச்சிருப்பீங்க. துபாயில் இருந்து லீவுக்கு வந்தவங்க எண்ணெய் மசாஜுக்கு உட்கார்ந்து, "இடுப்பு போச்சு"ன்னு சொல்வாங்க. மசாஜ் நல்லதுதான். ஆனா பெட் ஸ்பேஸ்ல, முன்னாடி இருந்தவர் விட்டுப்போன பள்ளம் விழுந்த மெத்தையில் ரெண்டு வருஷம் படுத்ததை அரை மணி நேர எண்ணெய் சரி பண்ணாது.

ஊர்ல மனை வாங்க மிச்சம் பிடிக்கிறீங்க, புரியுது. கணக்கைப் பாருங்க. 5% வாட் உட்பட 1,000 திர்ஹாம் மெத்தைன்னு வைப்போம். 2 வருஷம், அதாவது 730 இரவுக்கு வகுத்தால் ஒரு ராத்திரிக்கு 1.37 திர்ஹாம். ஏறக்குறைய ஒரு கரக் டீ! 5 வருஷம் உழைத்தால் 55 ஃபில்ஸ்தான்.

அதுக்காக 4,000 திர்ஹாம் மெத்தையை கிரெடிட் கார்டு தவணையில் வாங்கச் சொல்லவில்லை. பழசும் வேண்டாம், மூட்டைப்பூச்சி இலவச இணைப்பு. கடையில் கையால் அமுக்கிப் பார்த்தா ஒண்ணும் தெரியாது. கூச்சப்படாம, நீங்க தூங்குற வாக்கிலேயே பத்து நிமிஷம் படுங்க. எத்தனை நாள் ட்ரையல், திருப்பிக் கொடுத்தா வண்டிக்கூலி யாரோடது, ரெண்டையும் பில்லுல எழுதி வாங்கிக்கோங்க. அடுக்குக் கட்டிலில் மேல் தட்டுன்னா பக்கக் கம்பியின் உயரத்தை அளந்துட்டுப் போங்க. மெத்தை ரொம்பத் தடிமனா இருந்தா கம்பி இருந்தும் பிரயோஜனமில்லை.