ஒரு பருக்கையும் ஒரு துணியும்

மின்சாரக் குக்கர் வந்தபின் அடுப்படியில் காத்து நிற்கும் வேலை ஒழிந்தது என்று பெருமைப்படுகிறோம். ஜப்பானின் தோஷிபா நிறுவனம் 1955இல் தானியங்கிக் குக்கரை விற்பனைக்குக் கொண்டுவருமுன், அதற்காக மீண்டும் மீண்டும் சோறாக்கிச் சோதித்தவர், அதை வடிவமைத்த மினாமியின் மனைவி ஃபுமிகோ.

நீர் வற்றும்வரை பாத்திரத்தின் சூடு 100 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கும், வற்றியதும் ஏறும். அந்த ஏற்றத்தை அடித்தட்டு உணர்ந்ததும் விசை தணியும். இடையில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தாலும் கணக்குப் பிழைக்கலாம். ஆகவே தட்டைச் சுத்தமாக்கி, பாத்திரத்தின் அடிப்புறத்தை ஈரமின்றித் துடைத்த பின்னரே உள்ளே வைக்கவேண்டும்.

துடைக்கும் துணியோ நம் வீடுகளில் இன்றும் பெண்கள் கையில்தான். இயந்திரம் பாதி வேலையை ஏற்றுக்கொண்டது. மீதியை ஏற்கவேண்டியவர்கள், உண்டதும் எழுந்துபோகும் ஆண்களாகிய நாம்.