'பிரைவேட்'னா யாருகிட்டேருந்து?

ஒரு வாலட் ஆப்ல 'பிரைவேட்'னு பட்டன் இருந்தா என்ன நினைப்பீங்க? யாருக்குமே தெரியாதுன்னுதானே? சிக்கலே அங்கதான்.

டேஷ் கரன்சியை எடுத்துக்கோங்க. 2015 வரைக்கும் அதோட பேர் டார்க்காயின். பல பேரோட காசைக் கலந்து, அது எங்கேருந்து வந்ததுன்னு கண்டுபிடிக்க முடியாதபடி குழப்புற வசதிக்கு 'டார்க்சென்ட்'னு பேர் வெச்சாங்க. அப்புறம் 'பிரைவேட்சென்ட்'னு மாத்துனாங்க. முதல் பேர் பயமுறுத்துது. ரெண்டாவது அளவுக்கு மீறி நம்பிக்கை கொடுக்குது. காசைக் கலக்குறாங்கன்னு ரெண்டுமே சொல்லலை.

2016-ல வந்த ஜீகேஷ் பரவாயில்லை. 'டிரான்ஸ்பரன்ட்', 'ஷீல்டட்'னு ரெண்டு வகை முகவரி. முதல் வகையில பரிவர்த்தனை எல்லாருக்கும் தெரியும். ஷீல்டட்லேருந்து ஷீல்டட்டுக்கு அனுப்பினா அனுப்பினவர், வாங்கினவர், தொகை மூணும் மறைஞ்சிடும். அனுப்புறதுக்கு முன்னாடியே வித்தியாசம் புரியுது.

என்னைக் கேட்டா, எதை, யாருகிட்டேருந்து மறைக்குதுன்னு பேரே சொல்லணும். ஏன்னா, ஊருக்கு மறைச்சாலும் வருமான வரிக்கு மறைக்க முடியாது. கிரிப்டோ லாபத்துக்கு 2022 ஏப்ரல்லேருந்து 30% வரி, மேல செஸ் வேற. எந்தப் பட்டனை அழுத்தியிருந்தாலும் ஐடிஆர்ல காட்டியே ஆகணும்.

அதனால, 'பிரைவேட்'னு எங்க பார்த்தாலும் 'யாருகிட்டேருந்து?'னு கேளுங்க. தெளிவான பதில் கிடைக்கலைன்னா, அந்தப் பட்டனைத் தொடாதீங்க.