குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம்

புள்ளைக்கு மூளை வளர்ச்சி சரியில்லைன்னா நம்மூர்ல முதல் பழி அம்மா தலையிலதான். "கிரகணத்துல வெளிய வந்தியா?"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க.

ஃபீனைல்கீட்டோனூரியான்னு ஒரு நோய் (சொல்லி முடிக்கவே மூச்சு வாங்குது!). பழுதான மரபணு அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்டேயிருந்தும் வந்தால்தான் வரும். புரதத்தில் இருக்கும் ஃபீனைல்அலனின் உடைபடாமல் ரத்தத்தில் சேர்ந்து, வளரும் மூளையைக் கெடுத்துவிடும். 1934-ல் நார்வே டாக்டர் ஃபோலிங் இதைக் கண்டுபிடித்ததே, ரெண்டு பிள்ளைகளுக்காக விடாமல் அலைந்த ஓர் அம்மாவால்தான்.

பிறந்து ஒண்ணு ரெண்டு நாள் கழித்து குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தால் தெரிந்துவிடும். உடனே உணவை மாற்றினால் மூளை தப்பிக்கும். அமெரிக்காவில் 1960களிலேயே வந்த சோதனை. இங்கே இன்னும் எல்லாக் குழந்தைக்கும் செய்வதில்லை. மாமன் மகள், அத்தை மகன்னு கட்டிக்கிற ஊர்ல, ஒரே தாத்தாவோட பழுது ரெண்டு பக்கமும் வர வாய்ப்பு அதிகம். காதுகுத்துக்கு கடா வெட்டுறோம், குதிகால் குத்த மட்டும் யோசிக்கிறோம்.

பிரசவத்துக்குப் போறவங்க, டிஸ்சார்ஜுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டுடுங்க.