யாருக்கு எதிரான குற்றம்?

கவிதையைக் கவிஞன்தான் விமர்சிக்க வேண்டும் என்ற பழைய உளறல் நம் வட்டத்தில் இன்னும் சாகவில்லை. அதற்கு இப்போது சீருடை மாட்டிவிட்டிருக்கிறார் நண்பர் ஒருவர். சிப்பாய் செய்த குற்றத்தைச் சிப்பாய்கள்தான் விசாரிக்க வேண்டுமாம். குண்டுச் சத்தமே கேட்டறியாத மாஜிஸ்திரேட்டுக்கு அந்த ஒரு விநாடியின் பயம் என்ன தெரியும் என்று போன மாதம் நாங்கள் கூடியபோது கேட்டார். இருந்த ஏழு பேரில் ஐந்து பேர் தலையாட்டினார்கள். நல்ல வாக்கியம் காதில் விழுந்தால் தலையாட்டிவிடுவது நம்மைப் பிடித்த வியாதி.

சரி, அந்த ஒரு விநாடியைத் தேடிப் பார்ப்போம். 2000 மார்ச் 20 இரவு, காஷ்மீரில் சிட்டிசிங்புரா கிராமத்தில் 35 சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். ஐந்து நாள் கழித்து, அதைச் செய்த அந்நியத் தீவிரவாதிகள் ஐந்து பேரைப் பத்ரிபாலில் மோதலில் சுட்டுக் கொன்றுவிட்டதாக அறிவிப்பு வந்தது. பிணங்கள் கருகியிருந்தன. தோண்டியெடுத்தபோது, இவர்கள் எங்கள் வீட்டு மனிதர்கள் என்றார்கள் அக்கம்பக்கத்துக் கிராமத்தார். மரபணுச் சோதனைக்கு அனுப்பிய ரத்தத்திலும் மோசடி: பெண் உறவினர்களுடையது என்று அனுப்பியது ஆண்களுடையது என 2002-இல் அம்பலமாயிற்று. மறுபடி எடுத்துச் சோதித்ததில் செத்தவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான் என்று ஊர்ஜிதமானது. சி.பி.ஐ. விசாரித்து, மோதல் போலி, நடந்தது கொலை என்று 2006-இல் ராணுவத்தினர் ஐந்து பேர் மீது ஸ்ரீநகர் கோர்ட்டில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

இதில் நண்பரின் விநாடி எங்கே இருக்கிறது? இருந்தால் அதையும் கோர்ட்டில் சொல்லலாம். தற்காப்பு என்ற வாதத்தைக் கேட்காத சிவில் கோர்ட் எதுவும் இந்த நாட்டில் இல்லை.

மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் வழக்கை நடத்தக் கூடாது என்றது ராணுவம். இந்தச் சண்டை உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2012 மே 1-இல் தீர்ப்பு: கிரிமினல் கோர்ட்டா, கோர்ட் மார்ஷலா என்பதை எட்டு வாரத்துக்குள் ராணுவமே சொல்லட்டும், கோர்ட் மார்ஷல் என்றால் அனுமதி தேவையில்லை, கிரிமினல் கோர்ட் என்றால் தேவை. குற்றம் சாட்டப்பட்ட ஆட்களின் ஸ்தாபனத்திடம், உனக்கு எந்த கோர்ட் தோது என்று கேட்டால் என்ன பதில் வரும்? வந்தது. 2014 ஜனவரியில், முகாந்திரம் நிலைநாட்டப்படவில்லை என்று சொல்லி, கோர்ட் மார்ஷல் கூடாமலேயே வழக்கை மூடிவிட்டார்கள். சிப்பாயைச் சிப்பாய்கூட விசாரிக்கவில்லை, நண்பரே.

1950-ஆம் வருஷத்து ராணுவச் சட்டத்தை எழுதியவர்களுக்கே இந்தக் கூச்சம் இருந்திருக்கிறது. 70-ஆம் பிரிவு, படையில் இல்லாத ஒருவரைக் கொன்றாலோ கற்பழித்தாலோ அதைக் கோர்ட் மார்ஷல் விசாரிக்கலாகாது என்றுதான் ஆரம்பிக்கிறது. பிறகு வருகிறது 'தவிர'. ஆக்டிவ் சர்வீஸில் இருந்தால் தவிர. காஷ்மீரில் இருப்பதே ஆக்டிவ் சர்வீஸ் என்று வைத்துக்கொண்டுவிட்டால் விதி காணாமல் போய், விதிவிலக்கு மட்டும் மிஞ்சுகிறது. ஒரு சொல்லை ஊதிப் பெருக்கிக் கவிதையைக் கெடுப்பவர்களை நாம் பக்கம் பக்கமாகத் திட்டுகிறோம். சட்டப் புத்தகத்தில் அதே காரியம் நடந்தால் நமக்கு உறைப்பதில்லை.

நான் பேங்க்கில் குமாஸ்தா. எங்கள் கவுண்டரில் ஒரு காஷியர், கணக்கு வைத்திருக்கும் கிழவியின் பணத்தில் கை வைத்தால், டொமெஸ்டிக் என்கொயரி நடக்கும், வேலை போகும். அதோடு போலீசும் வரும். ஏனென்றால் போனது கிழவியின் பணம். பேங்க்கின் விதியை மீறியது பேங்க்குக்கு எதிரான காரியம், திருட்டு அவளுக்கு எதிரானது. இரண்டையும் குழப்பிக்கொள்ள எந்த மானேஜருக்கும் உரிமை கிடையாது. காவலில் தூங்கிய சிப்பாயை, ஓடிப்போன சிப்பாயை, மேலதிகாரியை அடித்த சிப்பாயைப் படையே விசாரித்துக்கொள்ளட்டும், எனக்கு ஒரு புகாருமில்லை. அதெல்லாம் படைக்கு எதிரான குற்றம். பத்ரிபாலில் யாருடைய கட்டுப்பாடு குலைந்தது? செத்தது ஐந்து மனிதர்கள். கட்டுப்பாட்டைக் காக்க ஏற்பட்ட கோர்ட்டில் அவர்களுக்கு இடமே இல்லை. அவர்கள் வீட்டார் அதிகபட்சம் சாட்சிகள். போலீஸ் ஒரு வழக்கை மூடினால் அந்த அறிக்கை மாஜிஸ்திரேட் முன்னால் போக வேண்டும். புகார் கொடுத்தவன் ஆட்சேபிக்கலாம். ஒப்புக்கொள்ள முடியாது என்று அவர் திருப்பி அனுப்பலாம். ராணுவம் மூடினால், ரிட் மனு என்ற ஒற்றையடிப் பாதையைத் தவிர வேறு வழி கிடையாது.

மச்சிலைக் காட்டி என்னை மடக்குவார்கள் என்று தெரியும். 2010-இல் மூன்று பேரை வேலை தருவதாக எல்லைக்கு அழைத்துப் போய்க் கொன்ற வழக்கில், 2014-இல் கோர்ட் மார்ஷல் ஆயுள் தண்டனை கொடுத்தது. மறுக்கவில்லை, மரியாதைக்குரிய காரியம். 2017-இல் ஆயுதப் படைத் தீர்ப்பாயம் அந்தத் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கொடுத்தது. அதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

சிவில் தரப்பின் கை சுத்தம் என்று நான் எங்கே சொன்னேன்? ரத்த மாதிரியில் நடந்த தில்லுமுல்லுக்கு ராணுவத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மாதிரிகள் ஹைதராபாத்துக்கும் கல்கத்தாவுக்கும் போயின. ஸ்ரீநகரில் யாருக்கும் கடமைப்படாத ஒருவர் அவற்றைப் பரிசோதித்தார், பொய் அகப்பட்டது. எனக்கு வேண்டியது அந்த இரண்டாவது ஆள்தான். அவர் நல்லவராகக்கூட இருக்க வேண்டியதில்லை, வேறு ஆளாக இருந்தால் போதும்.

நண்பர் இதற்குப் பதில் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். எழுதட்டும். அதில் அந்த ஐந்து பேரைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.