ஏவலும் வேண்டுதலும் ஓரீற்றில்

மொழியென்பது மக்கள் வாயில் தானே வளர்வது. ஒருவர் மேசைமுன் இருந்து ஆக்கிய மொழிக்கு இலக்கண ஆராய்ச்சி எதற்கு என்று தமிழாசிரியர் சிலர் நகைப்பர். நகைக்கட்டும். அத்தகைய மொழியொன்றின் ஒரு சிறு விகுதி எனக்குக் கற்பித்த பாடத்தை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

1887 ஆம் ஆண்டில் வார்சோ நகரில் சாமென்ஹோவ் என்னும் கண் வைத்தியர் வெளியிட்ட சிறு நூலோடு எஸ்பெராண்டோ பிறந்தது. அவர் பிறந்த பியாலிஸ்டொக் நகரில் யூதரும் போலந்தியரும் ரஷ்யரும் ஜெர்மானியரும் மொழியால் பிரிந்து பகைத்து வாழ்ந்தனர். அப்பகை தணிய, எவர்க்கும் சொந்தமல்லாத பொதுமொழி ஒன்று வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அம்மொழியில் 'வேன்' என்பது வருதலைக் குறிக்கும் பகுதி. வேனாஸ் என்றால் நிகழ்காலம், வேனிஸ் இறந்தகாலம், வேனோஸ் எதிர்காலம். நடவாததை நடந்ததுபோல் எண்ணிப் பார்ப்பதற்கு வேனுஸ் என்பர். ஆனால் வரவேண்டும் என்னும் கருத்துக்கு 'வேனு' என்ற ஒரே வடிவந்தான். தனியே நின்றால் 'வா' என்னும் ஏவல். 'லி வேனு' என்றால் அவன் வரட்டும். 'நி வேனு' என்றால் நாம் வருவோம், வாருங்கள் என்பது. 'ச்சு மி வேனு?' என்றால் நான் வரட்டுமா? கட்டளை, அனுமதி, வேண்டுதல், வாழ்த்து யாவும் அந்த உகர ஈற்றிலேயே அடங்கும். 1887 ஆம் ஆண்டு நூலிலே இறைவனை நோக்கிய கிறித்தவச் செபமும் இவ்வீற்றினாலேயே அமைந்தது.

இது நமக்குப் புதிதன்று. வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல் என்னும் நான்கையும் வியங்கோள் ஒன்றே தாங்குகிறது. அது தன்மையிலும் முன்னிலையிலும் நிலைபெறாது என்றார் தொல்காப்பியர். எல்லா இடத்துக்கும் பாலுக்கும் உரியது என்றார் நன்னூலார். எஸ்பெராண்டோ நன்னூலார் பக்கம் நிற்கிறது. மேலே 'நகைக்கட்டும்' என்றேனே, அது கட்டளையா, அனுமதியா, விருப்பமா? மூன்றுந்தான்.

இவற்றை ஒருநாள் வகுப்பில் விளக்கியபோது மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, அந்த மொழியில் பாடசாலை ஊழியரை எப்படி அழைப்பது? கல்வி அதிகாரியை எப்படி அழைப்பது?"

"இருவரையும் வேனு என்றே அழைக்கலாம்" என்றேன்.

"அப்படியானால் மரியாதை எங்கே, ஐயா?"

வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று காலையில், என்னிலும் பத்து வயது மூத்த ஊழியரை 'வா' என்றும், சக ஆசிரியரை 'வாரும்' என்றும், இளைஞரான அதிகாரி ஒருவரை 'வாருங்கள்' என்றும் அழைத்தவன் நான். மரியாதை என் மொழியில் இருந்தது, என்னிடத்தில் இருந்ததா?

எஸ்பெராண்டோவின் ஓரீற்றை வறுமை என்பாருண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. ரஷ்ய மொழியிலும் ஜெர்மன் மொழியிலும் நீ, நீங்கள் என்ற வேற்றுமை உண்டு. அவற்றை அறிந்த சாமென்ஹோவ், முன்னிலைக்கு 'வி' என்ற ஒரே சொல்லை வழக்காக்கினார். பணிவு வேண்டுமாயின் 'பொன்வோலு', அதாவது மனமுவந்தருள்க, என்ற சொல்லை முன்னே சேர்க்கலாம். அச்சொல்லும் அதே உகர ஈற்றதே. பணிவு அங்கே கேட்பவனுடைய பதவியால் வருவதில்லை. சொல்பவன் மனமுவந்து இடுவது.

நமது மரியாதைப் பன்மையைக் கைவிடுமாறு நான் சொல்லவில்லை. தாயை 'வாருங்கள்' என்று அழைக்கும் பிள்ளையின் சொல்லில் அன்பே நிறைந்திருக்கிறது. குற்றம் படிகள் இருப்பதில் அன்று. யாரை எந்தப் படியில் நிறுத்துகிறோம் என்பதிலேதான்.

படியே இல்லாத சொல்லும் நம்மிடம் உண்டு. 'வருக' என்பது அரசனுக்கும் ஆகும், ஆண்டிக்கும் ஆகும். அதனை விழாப் பந்தலின் வாயிலில் எழுதி வைத்துவிட்டு, பந்தற்கால் நட்டவரை 'வாடா' என்கிறோம். வேற்றுமொழி ஒன்றைக் கற்றபோதே நம் வியங்கோளின் பெருமை எனக்கு விளங்கிற்று. மறுநாள் காலை அந்த ஊழியரை 'வாருங்கள்' என்று அழைத்தேன். அவர் திரும்பிப் பார்த்தார், என் பின்னால் வேறு யாரோ வருகிறார் என்று எண்ணி.